வள்ளத்தின் கணக்கும் கடையின் கணக்கும்





"வியாபாரம் குறைவில்லை, ஆனால் கையில் காசு நிற்பதில்லை." திருகோணமலை நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடை வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. சிலர் இதைப் பரக்கத் குறைவு என்பார்கள். சிலர் கண்ணூறு என்பார்கள். பரக்கத் அல்லாஹ்விடம் இருந்து வருவது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணக்குப் பார்க்கும் கடமை நம்மிடம் இருக்கிறது. காசு எங்கே போகிறது என்று எழுதிப் பார்க்காதவர் பரக்கத்தைக் குறை சொல்வது முறையல்ல.

இந்த வாரப் பாடம் மூன்று அடிப்படைகள் பற்றியது: செலவு, வருமானம், முதலுக்கான பணம். கடையை உதாரணமாக எடுத்தால் நூறு சாமான்கள் குறுக்கே வந்து கணக்கைக் குழப்பிவிடும். ஆகவே எங்கள் துறைமுகத்துக் கரையில் எல்லோரும் அறிந்த ஒன்றை எடுக்கிறேன். எஞ்சின் பூட்டிய ஒரு பைபர் வள்ளம். வள்ளத்தின் கணக்கு விளங்கினால் சில்லறைக் கடை, புடவைக் கடை, ஹாட்வெயார், பேக்கரி எல்லாவற்றின் கணக்கும் விளங்கிவிடும். கீழே வரும் தொகைகள் பாடத்துக்காக நான் வைத்துக்கொண்ட உருண்டைத் தொகைகள். உங்கள் தொகைகளைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

1. செலவு இரண்டு வகை

முதலாவது, தொழிலுக்குப் போனால் மட்டும் வரும் செலவு. இதை மாறும் செலவு என்போம். வள்ளத்துக்கு ஒரு நாளைக்கு மண்ணெண்ணெய் 25 லீற்றர், லீற்றர் 200 ரூபா என்று வைத்தால் 5,000 ரூபா. ஐஸ், இரை, சாப்பாடு 2,000 ரூபா. மொத்தம் 7,000 ரூபா. கடலுக்குப் போகாவிட்டால் இந்தச் செலவு இல்லை.

இரண்டாவது, போனாலும் போகாவிட்டாலும் வரும் செலவு. இது நிலையான செலவு. வள்ளம், எஞ்சின், வலை எல்லாம் சேர்த்து 18 லட்சம் என்று வைப்போம். சராசரியாக 6 வருடம் உழைத்தால் வருடத்துக்கு 3 லட்சம் தேய்கிறது. பழுதுபார்ப்பு 1 லட்சத்து 20 ஆயிரம். பதிவு முதலான சில்லறைச் செலவுகள் 30 ஆயிரம். ஆக வருடத்துக்கு 4 லட்சத்து 50 ஆயிரம் ரூபா.

இப்போது ஒரு கேள்வி. இந்த 4 லட்சத்து 50 ஆயிரத்தை எத்தனை நாளால் பிரிப்பது? பலர் வருடத்தில் 300 நாள் என்று நினைத்து, நாளுக்கு 1,500 ரூபா என்பார்கள். ஆனால் எங்கள் கரையில் வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை சிறிய வள்ளங்கள் பல நாட்கள் கரையில் கவிழ்ந்தே கிடக்கும். வெள்ளிக்கிழமை தொழில் இல்லை. காற்று, காய்ச்சல், எஞ்சின் பழுது எல்லாம் கழித்தால் 150 நாள் உழைப்பது பெரிய காரியம். 150 ஆல் பிரித்தால் நாளுக்கு 3,000 ரூபா. முதலில் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு! செலவு கூடவில்லை. பிரித்த நாட்கள்தான் பிழை.

கடைக்காரருக்கும் இதே பாடம்தான். பெருநாளுக்கு முந்திய வாரங்களிலும் உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களிலும் நடக்கும் விற்பனையைப் பார்த்து வருடம் முழுக்க அப்படித்தான் நடக்கும் என்று வாடகையும் சம்பளமும் பேசக் கூடாது. வாடை மாதத்திலும் வாடகை கேட்டு ஆள் வரும்.

இன்னொரு செலவு, கண்ணுக்கே தெரியாத செலவு. முதலாளியின் சொந்த உழைப்புக் கூலி. சொந்தக் கட்டடத்தில் கடை நடத்தினால், அதை வாடகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் தொகை. கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் அரிசி, பருப்பு, பால்மா. இவை எதுவும் கொப்பியில் ஏறாததால் இலாபம் போலத் தெரிகிறது. இவற்றை ஏற்றிப் பார்த்தால் "இலாபம் தரும் கடை" என்று நாம் நினைத்த சில கடைகள், முதலாளிக்கு ஒரு கூலியாளின் சம்பளத்தைக் கூடத் தரவில்லை என்பது தெரியவரும்.

2. மண்ணெண்ணெய் தந்த பாடம்

மாறும் செலவு எப்படி ஒரு தொழிலைப் புரட்டிவிடும் என்பதை எங்கள் கரை 2022 இல் நேரில் கண்டது. அந்த வருடம் ஒகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாக உயர்ந்தது. எங்கள் உதாரண வள்ளத்துக்கு 25 லீற்றர் 2,175 ரூபாவிலிருந்து 8,500 ரூபாவானது.

இதன் கருத்தென்ன? எங்கள் கரையில் பொதுவாக நாளின் ஓட்டச் செலவைக் கழித்து, மிச்சத்தில் ஒரு பாதி வள்ளத்துக்கு, மறு பாதி ஆட்களுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். இடத்துக்கிடம் வழக்கம் மாறலாம். கணக்குக்கு இதை வைத்துக்கொள்வோம். வள்ளத்தின் பங்கு குறைந்தது 3,000 ரூபா வந்தால்தான் நிலையான செலவு அடைபடும். ஆகவே ஓட்டச் செலவு போக 6,000 ரூபா மிஞ்ச வேண்டும். மீன் கிலோ சராசரி 700 ரூபா என்று வைத்தால், மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்தபோது சுமார் 15 கிலோ பிடித்தால் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. 340 ரூபாவானபோது அதே இடத்தில் நிற்பதற்கு சுமார் 24 கிலோ பிடிக்க வேண்டும். எண்ணெய் விலை ஏறியதற்காகக் கடல் கூடுதலாக மீன் தராது.

ஒவ்வொரு வியாபாரியும் தன் தொழிலுக்கு இந்தப் புள்ளியைக் கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு விற்றால் செலவு அடைபடும்? இந்த ஒரு தொகை தெரிந்திருந்தால், மின்சாரக் கட்டணம் ஏறும்போதும் வாடகை கூடும்போதும் என்ன செய்வதென்று அன்றே தீர்மானிக்கலாம். தெரியாதவர் ஆறு மாதம் கழித்து, முதல் கரைந்த பிறகுதான் உணர்வார்.

3. போக்குவரத்தும் செலவுதான்

சீனக்குடாவில் கோதுமை மா ஆலை ஏன் கடலோரத்தில் நிற்கிறது? கப்பலில் வரும் கோதுமையை இறக்கி, அந்த இடத்திலேயே அரைத்தால் ஒரு தடவை ஏற்றி இறக்கும் கூலி மிச்சம். பெரிய கம்பனிகள் ஒரு கிலோவுக்கு ஒரு ரூபா மிச்சம் பிடிக்க இடத்தையே தேர்ந்தெடுக்கின்றன. நாமோ லொறிக் கூலியைத் தனியாக எழுதுவதுகூட இல்லை.

கிண்ணியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை திருகோணமலையிலிருந்து வரும் சாமான் படகுப் பாதையில்தான் கடக்க வேண்டியிருந்தது. காத்திருந்த நேரமும் செலவு. பழுதான மரக்கறியும் செலவு. பாலம் வந்ததும் கிண்ணியா வியாபாரிக்கு அந்தச் செலவு குறைந்தது. ஆனால் வாடிக்கையாளருக்கும் அதே பாலம்தான் திறந்தது. அவர் நகரத்துக்குப் போய் விலை விசாரித்து வர வழி உண்டாயிற்று. செலவு குறையும் வசதி எப்போதும் போட்டியையும் கூட்டிக்கொண்டுதான் வரும். குறைந்த செலவில் ஒரு பகுதியை விலையில் விட்டுக்கொடுப்பவரிடம் வாடிக்கையாளர் தங்குவார்.

4. விற்பனை வேறு, வருமானம் வேறு, இலாபம் வேறு

எங்கள் வள்ளம் ஒரு நாள் 30 கிலோ கொண்டுவந்தது என்று வைப்போம். 700 ரூபாப்படி 21,000 ரூபா. இது விற்பனை. இதைக் கையில் வாங்கும்போது நெஞ்சு நிறைந்திருக்கும். ஓட்டச் செலவு 7,000 போக மிச்சம் 14,000. வள்ளத்துக்கு 7,000. ஆட்கள் இரண்டு பேருக்குத் தலா 3,500. வள்ளத்தின் பங்கில் நிலையான செலவு 3,000 போனால் 4,000. இதுதான் இலாபம். வள்ளக்காரர் தானும் கடலுக்குப் போனால் அவருக்கு 3,500 ரூபா கூலியும் உண்டு. அது கூலி, இலாபமல்ல. 21,000 எங்கே, 4,000 எங்கே? மேசை லாச்சியில் கிடக்கும் காசைத் தன் காசு என்று நினைத்துச் செலவழிப்பவர் எண்ணெய்க்காரனின் காசையும், ஆட்களின் கூலியையும், நாளைக்குப் பழுதாகப்போகும் எஞ்சினின் காசையும் சேர்த்துச் செலவழிக்கிறார்.

கடன் கொடுத்து விற்ற சாமானும் அப்படித்தான். அது விற்பனைதான். ஆனால் காசு வரும் வரை அது வருமானமாகக் கைக்கு வரவில்லை. அந்த இடைவெளிக்குள் உங்கள் மொத்த வியாபாரியின் செக் வங்கிக்கு வந்துவிட்டால், இலாபம் உள்ள கடைக்காரரும் செக் திரும்பி அவமானப்படுவார்.

விலை ஏறும் காலத்தில் இன்னொரு ஏமாற்றம் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் சுமார் 360 ரூபா. அந்த நாட்களில் 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமானை 1,150 ரூபாவுக்கு விற்று, 150 ரூபா இலாபம் என்று எழுதியவர்கள் பலர். மறுபடி வாங்கப் போனபோது அதே சாமான் 1,700 ரூபா என்றால், அவர் கையில் இருப்பது இலாபமல்ல. அவருடைய முதலில் 550 ரூபா குறைகிறது. அந்த வருடம் பல கடைகளின் தட்டுகள் காலியானதற்கு ஒரு காரணம் இது. ஆகவே விலை தீர்மானிக்கும்போது வாங்கிய விலையை மட்டும் பார்க்காமல், திரும்ப வாங்கும் விலையையும் பார்க்க வேண்டும். இது பதுக்கல் அல்ல. சாமானை மறைத்து வைத்து மக்களைத் தவிக்கவிடுவதுதான் பதுக்கல், அது ஹராம். தட்டில் வைத்து, சந்தை விலைக்கு, வெளிப்படையாக விற்பது வியாபாரம்.

5. முதலுக்கான பணம் எங்கிருந்து?

சொந்தச் சேமிப்பு முதன்மையானது. அதற்கு அடுத்து நம் மார்க்கம் காட்டும் வழி பங்கு. நபித்துவத்துக்கு முன்னர் கதீஜா நாயகி (ரழி) அவர்களின் முதலும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உழைப்பும் சேர்ந்து ஷாம் தேசத்துக்குப் போன வியாபாரம் நாம் அறிந்ததே. ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு, இலாபம் பேசிய விகிதத்தில். இது முழாரபா. நட்டம் வந்தால் முதல் போட்டவருக்கு முதலில் நட்டம், உழைத்தவருக்கு உழைப்பு நட்டம். இருவரும் முதல் போட்டால் முஷாரகா. வள்ளத்தின் பங்கு முறையும் இதன் சாயல்தான்.

ஆனால் நம்மில் சிலர் "லட்சத்துக்கு மாதம் 3,000 தருகிறேன், இலாபம் வந்தாலும் வராவிட்டாலும்" என்று பணம் வாங்கி, அதற்கு முழாரபா என்று பெயர் வைக்கிறார்கள். நிச்சயித்த தொகையை உறுதி சொன்னால் அது பங்கு அல்ல. பெயரை மாற்றினால் பொருள் மாறாது. இப்படி உறவினரின் பணத்தையும் விதவைகளின் பணத்தையும் வாங்கி, நட்டம் வந்த நாளில் குடும்பமே பகையான சம்பவங்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

மூன்றாவது, முற்பணம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மீன் முதலாளி வள்ளக்காரருக்கு 2 லட்சம் கொடுப்பார். வட்டி இல்லை. ஒரே நிபந்தனை, மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், கிலோவுக்கு 40 ரூபா குறைத்து. கேட்க இலேசாக இருக்கிறது. கணக்குப் போடுங்கள். 30 கிலோ, 40 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. 150 நாளில் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபா. வாங்கிய 2 லட்சம் அப்படியே நிற்கிறது. வருடத்துக்கு 90 வீதம்! 2022 இன் கடும் நெருக்கடியில் மத்திய வங்கி கொள்கை வட்டியை உயர்த்தியபோது கூட வங்கிகள் நல்ல வாடிக்கையாளர்களிடம் வாங்கியது இதன் மூன்றில் ஒரு பங்கை அண்டிய வீதம்தான்.

இதில் இன்னொரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. விலையில் குறையும் 1,200 ரூபா பங்கு பிரிக்கும் முன்னரே போய்விடுகிறது. ஆகவே வள்ளத்தின் பங்கில் 600, ஆட்களின் பங்கில் 600. கடனே வாங்காத கூலிக்காரனும் முதலாளியின் கடனுக்குத் தினமும் 300 ரூபா கட்டுகிறான். அவனுக்கு அது தெரியவும் தெரியாது.

கடன் கொடுத்ததற்காகப் பெறும் நிபந்தனைப் பயன் வட்டியாகும் என்று உலமாக்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வட்டி என்ற சொல் இல்லாததால் வட்டி இல்லை என்று ஆகாது. முற்பணம் கொடுக்கும் முதலாளிமாரும் இந்தப் பத்தியை வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. வாடையில் அடுப்பெரிய வைத்ததும் பல இடங்களில் அவர்கள்தான். ஆனால் ஹலாலான வழி இருக்கும்போது ஏன் இந்த வழி? கொடுத்த 2 லட்சத்தை வள்ளத்தில் பங்காக எழுதி, இலாபத்திலும் நட்டத்திலும் பங்கெடுங்கள். அல்லது கர்ழன் ஹஸனாவாகக் கொடுத்து, மீனை அன்றைய சந்தை விலைக்கு வாங்கிப் பேலியகொடைக்கு அனுப்பி, வியாபாரத்தில் உழையுங்கள்.

வள்ளக்காரருக்கும் ஒரு வார்த்தை. குறைந்த விலையிலும் உங்கள் பங்கில் நிலையான செலவு போக 3,400 ரூபா மிஞ்சுகிறது, கூலியாக 3,200 வருகிறது. நாளுக்கு 1,400 ரூபா ஒதுக்கினால் 150 நாளில் 2 லட்சத்து 10 ஆயிரம். ஒரு பருவத்தில் கடன் முடியும். ஒதுக்காவிட்டால் இருபது வருடத்திலும் முடியாது.

நான்காவது, மொத்த வியாபாரியின் கடன். காசுக்கு 97,000, முப்பது நாள் செக்குக்கு 1 லட்சம் என்றால், அந்த 3,000 ரூபாதான் ஒரு மாதம் தவணை பெறுவதற்கான விலை. வருடம் பன்னிரண்டு தடவை அப்படி வாங்கினால் 36,000 ரூபா. காசுக்கு வாங்கக்கூடிய அளவு சாமானை மட்டும் வைத்து நடத்தினால் பல கடைகளுக்கு அதுவே நல்ல இலாபம்.

ஐந்தாவது, வங்கி. 2005 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வங்கித்தொழில் திருத்தச் சட்டத்துக்குப் பின்னர் வட்டியில்லா முறைக்கு நாட்டில் இடம் கிடைத்தது. 2011 இல் அமானா வங்கி தனி வங்கியாகத் தொழிலை ஆரம்பித்தது. வேறு வங்கிகளிலும் கம்பனிகளிலும் இஸ்லாமியப் பிரிவுகள் உண்டு. முராபஹா என்றால் வங்கி சாமானை வாங்கி, இலாபம் வைத்து நமக்குத் தவணைக்கு விற்பது. இஜாரா என்றால் எஞ்சினையோ வாகனத்தையோ வாங்கி நமக்கு வாடகைக்குத் தருவது. பெயர்ப்பலகையைப் பார்த்துக் கையொப்பம் வைக்காதீர்கள். மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், பிந்தினால் என்ன, முந்திக் கட்டினால் என்ன என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஹலாலான ஒப்பந்தமும் தாங்க முடியாத தவணையாக இருந்தால் வியாபாரத்தை மூழ்கடிக்கும்.

6. எந்தக் காசை எதற்கு?

நீண்டகாலம் உழைக்கும் பொருளை நீண்டகாலப் பணத்தில் வாங்க வேண்டும். நாளைக்கு விற்கும் சாமானுக்குத்தான் குறுகிய காலப் பணம். எங்கள் வள்ளம் நல்ல வருடத்தில் தன் பங்காக 10 லட்சத்து 50 ஆயிரம் உழைக்கும். பழுதுபார்ப்பும் சில்லறைச் செலவும் போக 9 லட்சம். அப்படியானால் 18 லட்சம் கடனை ஒரு வருடத்தில் கட்ட ஒருபோதும் முடியாது. ஒரு பருவமும் பிழைக்காவிட்டால் கூட இரண்டு வருடம் வேண்டும். பருவம் பிழைக்கும் என்று எண்ணி மூன்று, நான்கு வருடத் தவணை பேசுபவரே புத்திசாலி. மனைவியின் நகையை அடகு வைத்தும் நாள் தவணைக் கடன் எடுத்தும் எஞ்சின் வாங்குபவர், எஞ்சின் உழைக்கத் தொடங்கும் முன்னரே தவணைக்குத் தோற்றுவிடுகிறார். கடைக்காரர் ஓடிப் பணத்தில் கடையின் மேல்மாடி கட்டுவதும் இதே பிழைதான்.

7. எழுதுங்கள்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆன் பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் இதுதான். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

மூன்று கொப்பி போதும். ஒன்றில் அன்றாட வரவும் செலவும். மற்றதில் நமக்கு வரவேண்டிய கடனும் நாம் கொடுக்க வேண்டிய கடனும். மூன்றாவதில் வீட்டுக்கு எடுத்ததும் முதலாளியின் கூலியும். வருடத்துக்கு ஒரு நாள், நம்மில் பலர் ரமழானில் ஸகாத்துக்காகச் சாமான் எண்ணும் அந்த நாளில், தட்டில் உள்ள சாமானின் அன்றைய பெறுமதியையும் கைக்காசையும் வரக்கூடிய கடனையும் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்து எழுதுங்கள். சென்ற வருடத் தொகையோடு ஒப்பிடுங்கள். முதல் வளர்கிறதா, கரைகிறதா என்பது ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். ஸகாத் கணக்குச் சரியாகப் பார்க்கும் வியாபாரிக்கு வருடாந்தக் கணக்கறிக்கை தானாகவே கிடைத்துவிடுகிறது. இரண்டரை வீதம் ஏழைகளுக்குப் போகிறது, வியாபாரத்தின் உண்மை நிலை நமக்குத் தெரிகிறது.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் தொழிலின் நிலையான செலவை ஒரு தாளில் எழுதி, உண்மையில் வியாபாரம் நடக்கும் நாட்களால் பிரித்து, அந்தத் தொகையை மேசை லாச்சியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். காசுக்குக் கை போகும் ஒவ்வொரு தடவையும் அது கண்ணில் படட்டும்.

அடுத்த வாரம், இன்ஷா அல்லாஹ், கடன் கொடுத்து விற்கும்போது யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று தீர்மானிப்பதைப் பற்றிப் பார்ப்போம். நம் அனைவரின் வியாபாரத்திலும் அல்லாஹ் ஹலாலையும் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.